மலைக்குப் போன சேதி

டாக்டர் தீனதயாளன் எழுதித் தந்த சீட்டில் மாத்திரையின் பெயர் இல்லை. ‘வாரத்தில் ஒரு நாள், நாலு பேரோடு’ என்று மட்டும் தமிழில் இருந்தது. ராஜாங்கம் சீட்டைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் ஒன்றுமில்லை.

“இன்னா சார் இது?”

“மருந்துதான்.”

“கடையில குடுப்பானா?”

“கடையில கெடைக்காதுங்க. பக்கத்து ரூம்ல இலக்கியான்னு ஒரு பொண்ணு இருக்குது. அதுகிட்ட குடுங்க.”

“சார், பஸ்ஸுக்கு நின்னு நின்னு வந்திருக்கோம். ஒரு ஊசியாவது போட்டு அனுப்புங்க.”

ராஜாங்கத்தின் மனைவி அமிர்தம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் அவளைப் பார்த்தார். அவள் வலது கையை நெஞ்சின் மேல் வைத்தபடி, சுவரில் காற்றுக்கு ஆடும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாலு வருஷமாக அந்தக் கை அங்கேதான் இருக்கிறது. கள்ளக்குறிச்சியில் காட்டியாயிற்று, சேலத்தில் காட்டியாயிற்று. எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அவர்கள் சொல்லச் சொல்ல அவள் இளைத்துக்கொண்டே வந்தாள். போன மாசி மாதம் ஒரு மத்தியானம், கரும்புக்குத் தண்ணீர் கட்டப் போன ராஜாங்கம் ஏதோ மனசு கேட்காமல் பாதியில் திரும்பி வந்தார். வந்ததால்தான் அவள் இன்றைக்கு இந்த ஸ்டூலில் உட்கார்ந்திருக்கிறாள். அதன்பிறகு அவர் பூச்சிமருந்து எதையும் வீட்டில் வைப்பதில்லை. கிணற்றுக்கு மேலே இரும்பு வலை போட்டுப் பூட்டியிருக்கிறார். அவளைத் தனியாக விட்டுவிட்டு ஒரு டீ குடிக்கக்கூடப் போவதில்லை.

“வேற யார்கிட்டயாவது பேசி எவ்ளோ நாளாச்சும்மா?” என்று டாக்டர் அவளைக் கேட்டார்.

“என்கூட பேசறா சார்,” என்றார் ராஜாங்கம்.

“உங்ககூட பேசறத எந்த வூட்டுலயும் கணக்குல சேக்கறதில்லைங்க.”

நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அமிர்தம் காலண்டரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

இலக்கியா உளுந்தூர்பேட்டைப் பெண். ஒரு தொண்டு அமைப்பு அவளுக்குச் சம்பளம் கொடுத்து அந்தச் சுகாதார நிலையத்தில் உட்கார வைத்திருந்தது. மாத்திரைக்கு அடங்காத வலியோடு வருகிறவர்களை டாக்டர் அவளிடம் அனுப்புவார். அவள் அவர்களை எதிலாவது கொண்டுபோய்ச் சேர்ப்பாள். கும்மிக் குழு, காய்கறித் தோட்டம், சாயங்காலம் சேர்ந்து நடக்கிற ஆட்கள், இப்படி. கச்சிராயபாளையம் டீக்கடைகளுக்கு இது நல்ல தீனி. “பொண்ணையும் மாப்பிள்ளையையும் சேத்து வெச்சா தரகு. ஆளையும் ஆளையும் சேத்து வெச்சா வைத்தியமாம்” என்று சிரித்தார்கள். ராஜாங்கத்துக்கும் நம்பிக்கை இல்லைதான். ஆனால் நம்பிக்கை இல்லை என்று சொல்லிவிட்டுப் போக அவருக்கு வேறு இடமும் இல்லை.

அடுத்த வாரமே இலக்கியா ஸ்கூட்டியில் வீட்டுக்கு வந்தாள். வாசலில் வண்டியை நிறுத்தும்போதே எதிர்வீட்டு ஜன்னல் சாத்திக்கொண்டது. உள்ளே வந்தவள் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தாள். காலேஜ் அடையாள அட்டைக்காக எடுத்த படத்தைப் பெரிதாக்கி மாட்டியிருந்தது. மாலை இல்லை, பொட்டு இல்லை.

“பொண்ணுங்களா?”

“செந்தமிழ்ச்செல்வி,” என்றார் ராஜாங்கம். “ஒரே பொண்ணு.”

கொரோனா இரண்டாம் முறை வந்த வைகாசியில் மூச்சு முட்டி ஆம்புலன்ஸில் ஏறியவள் அவள். ஒரு வாரம்கூட ஆகவில்லை. பையில் சுற்றி ஆஸ்பத்திரியிலிருந்து நேரே சுடுகாட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். ராஜாங்கத்தை மட்டும் தூரத்தில் நிற்க விட்டார்கள். அமிர்தம் வீட்டில் இருந்தாள். தெருவின் இரண்டு முனையிலும் தகரம் அடித்திருந்தது. மேளம் அடிக்கவில்லை, எலவனாசூர்கோட்டையிலிருந்து தாய்மாமன் கோடித்துணி கொண்டு வரவில்லை, யாருக்கும் சேதி சொல்ல ஆள் போகவில்லை.

அந்தப் பக்கத்தில் சாவுக்கு ஒரு முறை உண்டு. சேதியை ஆள் நேரில் வந்து சொல்ல வேண்டும். சொல்லிவிட்டால் பகையாளியும் வந்தாக வேண்டும். சொல்லாவிட்டால் கூடப்பிறந்தவனும் வரமாட்டான். வந்த பெண்கள் வட்டமாக ஒருத்தியை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதுவிட்டுப் போக வேண்டும். அப்படி வந்து அழாதவர்கள் பிறகு அந்த வீட்டுக்கு ஒரு கைப்பிடி உப்புக்குக்கூட வர முடியாது. தகரத்தைப் பிரித்த பிறகு நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று எல்லோரும் இருந்தார்கள். கருமாதி நாளும் போய்விட்டது. அதற்கப்புறம் போனால் ‘இப்பதான் வழி தெரிஞ்சுதா’ என்று அமிர்தம் கேட்டுவிடுவாளோ என்று பயம். மாதங்கள் ஆக ஆக அந்தப் பயமே வெட்கமாகிவிட்டது. தெருக்காரர்கள் அந்த வீட்டைக் கடக்காமல் வாய்க்கால் வழியாகச் சுற்றிப் போகப் பழகினார்கள்.

இலக்கியாவுக்கு இது முதலில் பிடிபடவில்லை. பக்கத்துத் தெருவில், கலையரசி வீட்டு மாடியில் பெண்கள் வாரம் ஒரு நாள் கூடிக் கும்மி பழகினார்கள். அமிர்தத்தை அங்கே கூப்பிட்டாள்.

“எந்தக் கலையரசி?” என்றாள் அமிர்தம். அன்றைக்கு அவள் பேசிய முதல் வார்த்தை அது.

“உங்களுக்குச் சொந்தம்னு சொன்னாங்களேம்மா. தங்கச்சி முறைன்னு.”

“எம் பொண்ணு செத்ததுக்கு என் வூட்டுப் படி ஏறாதவ வூட்டு மாடியில நான் போயி கும்மி கொட்டறதா? இன்னா பேச்சு பேசற நீ?”

இலக்கியா விடவில்லை. கலையரசியிடம் போய் நேராகவே கேட்டாள். கலையரசி முறத்தைக் கீழே வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

“எங்களுக்கு சேதி வர்லியே பாப்பா.”

“பக்கத்துத் தெருவுலதான இருக்கீங்க. தெரியாதாக்கா?”

“தெரியறது வேற. சேதி வர்றது வேற.” முறத்தை மறுபடியும் கையில் எடுத்தாள். “செல்விக்கு நாந்தான் காது குத்தறப்ப புடிச்சிகினு இருந்தேன். இப்ப எந்த மூஞ்சிய வெச்சிகினு போறது, சொல்லு. அக்கா காறித் துப்பினாகூடப் பரவால்ல. ஒண்ணுமே பேசாம நின்னான்னா?”

இலக்கியா ஸ்கூட்டியைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தாள். ஊருக்குள் கதவு எல்லாம் இப்படிச் சாத்தியிருந்ததால்தான் அவளுக்கு மலை ஞாபகம் வந்தது.

கல்வராயன் மலையில், வெள்ளிமலைக்குப் போகிற வழியில் ஒரு சின்ன ஊர். அங்கே பெண்கள் செவ்வாய்க்கிழமைகளில் சமுதாயக் கூடத்தில் உட்கார்ந்து கடுக்காய் உடைப்பார்கள், சாமை புடைப்பார்கள், அவரவர் வீட்டுக்காரனைத் திட்டுவார்கள். இலக்கியா அதையும் தன் குழுக்களில் ஒன்றாகச் சேர்த்திருந்தாள். மலையில் யாரும் அமிர்தத்துக்குச் சொந்தமில்லை. யாரும் வந்து அழுதிருக்க வேண்டியவர்கள் இல்லை.

அதைக் கேட்டதும் அமிர்தம் கொஞ்சம் யோசித்தாள். “அவுங்களுக்கு என்னைய தெரியாதா?”

“யாருக்கும் தெரியாதும்மா.”

“சரி, வரேன்.”

முதல் செவ்வாய்க்கிழமை அவள் திரும்பி வந்தபோது முந்தானையில் கடுக்காய்த் துவர்ப்பு வாசனை அடித்தது. இரண்டாம் வாரம் இரண்டு வாய் அதிகமாகச் சாப்பிட்டாள். புரட்டாசி பிறந்த பிறகு ஒரு நாள், ராஜாங்கம் வைத்த குழம்பை வாயில் வைத்துவிட்டு, “இது கொழம்பா, இல்ல மாட்டுக்கு கலக்குன தண்ணியா? நாலு வருசமா இதையா தின்னுகினு இருந்தேன்?” என்றாள். ராஜாங்கத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. மறுநாள் அவளை இலக்கியாவின் துணையில் விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய், கேட்டவர் கேட்காதவர் எல்லோரிடமும், “என் பொண்டாட்டி என்னைய திட்டிட்டாய்யா” என்று சொன்னார். கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டு, பைத்தியம் அவளுக்கா இவருக்கா என்பதுபோல் பார்த்தார்.

நெஞ்சிலிருந்து கை இறங்கியது. பஸ்ஸில் மலையேறும்போது ஜன்னலோரம் கேட்டு உட்காருகிறாள் என்று இலக்கியா சொன்னாள். டாக்டர் நாடி பார்த்துவிட்டு, “உங்க கரும்பவிட நல்லா தேறியிருக்காங்க” என்றார். ராஜாங்கம் அந்தச் சில வாரங்கள் இரவில் உடம்பைக் கிடத்தி, கண்ணை மூடி, மனிதர்கள் தூங்குவதுபோலத் தூங்கினார்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மலைப்பாதையில் மண் சரிந்து பஸ் போகாது என்று பேச்சு அடிபட, ராஜாங்கம் ஒரு சரக்கு வண்டியில் தொற்றிக்கொண்டு அவளை அழைத்து வரப் போனார். கொண்டை ஊசி வளைவுகளில் வெள்ளையாகப் புகைபோல மேகம் மூடியிருந்தது. கூடத்துக்குள் பெண்கள் கடுக்காய்க் குவியலைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். இலக்கியா அன்றைக்கு அமிர்தத்தை அங்கே விட்டுவிட்டு வேறு வேலையாக வெளியே போயிருந்தாள். நடுவில் அமிர்தம் எதையோ சொல்லிக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர் வாசலிலேயே நின்று அதைப் பார்த்தார். அந்தச் சிரிப்பு நிற்கக்கூடாது என்று நினைத்தார்.

அவரை முதலில் பார்த்தது செவ்வந்தி. அகலமான முகம், பெரிய குரல். அந்தக் கூட்டத்துக்குத் தலைவி மாதிரி.

“வாங்கண்ணா, வாங்க. அமிர்தம் வூட்டுக்காரரா? இம்மாம் ஒல்லியா இருக்கீங்க, பொண்ணு யாரு சாயல்? பரிச்ச எல்லாம் முடிஞ்சுதா செல்விக்கு?”

ராஜாங்கத்துக்கு அந்தக் கேள்வி உடனே விளங்கவில்லை. அமிர்தத்தைப் பார்த்தார். அவள் கையில் பாதி உடைத்த கடுக்காய் இருந்தது. அவள் கண்கள் அவரைக் கெஞ்சின. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவரை எதற்கும் கெஞ்சியதில்லை.

“முடிஞ்சுது,” என்றார் ராஜாங்கம்.

“எப்புடி எழுதியிருக்காளாம்?”

“நல்லா எழுதியிருக்கா.”

“பச்ச தாவணி கேட்டாளாமே, வாங்கிக் குடுத்தீங்களா, இல்ல கரும்பு வெட்டட்டும்னு சொல்லிட்டீங்களா? ஆம்பளைங்க எல்லாம் ஒண்ணுதான்.” கூடம் மறுபடியும் சிரித்தது.

பாதையைச் சரிசெய்து சாயங்காலப் பஸ்ஸை விட்டிருந்தார்கள். இறங்கும்போது அதில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கண்ணாடியில் தண்ணீர் வழிந்தது. பாதி மலை இறங்கிய பிறகு அமிர்தம் மெதுவாகச் சொன்னாள்.

“அங்க மட்டும் இருந்துட்டுப் போவட்டுங்க அவ. கீழதான் இல்லியே.”

ராஜாங்கம் மறுநாளே இலக்கியாவிடம் சொன்னார். அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்து, மறுபடியும் உட்கார்ந்தாள்.

“இத்தன வாரமா நான் பக்கத்துலயேதான் இருந்தேன் ஐயா. சிரிச்சாங்க. இன்னாத்துக்குச் சிரிக்கறாங்கன்னு கேக்கவே இல்ல. போட்டோ எடுத்து ஆபீசுக்கு அனுப்பினேன்.” மேசைமேல் இருந்த போனைக் கவிழ்த்து வைத்தாள். “அவங்ககிட்ட சொல்லிடலாம். செவ்வந்தியக்கா புரிஞ்சிக்குவாங்க.”

“வேணாம்மா.”

“டாக்டர்கிட்டயாவது சொல்லணும் ஐயா.”

“சொல்லு. ஆனா மலைக்குப் போறத நிறுத்தாத. சோறு எறங்குது, தூங்கறா, என்னைய திட்டறா. பொய்யில எறங்குனா இன்னா, நெசத்துல எறங்குனா இன்னா, சோறுதான? உன் மருந்து வேல செய்யுதும்மா. கெடுத்துறாத.”

டாக்டர் கேட்டுவிட்டு, கள்ளக்குறிச்சியில் மனநல மருத்துவர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார். தாமதிக்க வேண்டாம் என்றார். ராஜாங்கம் சரி சரி என்று தலையாட்டினார். மழை விடட்டும் என்றார், பிறகு ஆலையிலிருந்து கரும்புக்கு வெட்டு உத்தரவு வரட்டும் என்றார், பிறகு பொங்கல் போகட்டும் என்றார். அங்கே கொண்டுபோனால் ஒரு மாத்திரை கொடுப்பார்கள், மாத்திரை அந்தப் பெண்ணைக் கொன்றுவிடும் என்று அவருக்குத் தோன்றியது. மகளையா, மனைவியையா என்று அவரே பிரித்துச் சொல்ல முடியாது.

மார்கழியில் செல்வி மலையை விட்டுக் கீழே இறங்கிவிட்டாள்.

முதலில் சின்னதாகத்தான் வந்தது. அமிர்தம் மூன்று தட்டு எடுத்து வைத்தாள். அவர் ஒரு தட்டை எடுத்து உள்ளே வைத்தார். அவள் மறுவேளை திரும்ப எடுத்து வைத்தாள். பிறகு பழைய செல்போனைத் தேடி எடுத்தாள். அதில் பேட்டரி உப்பிப்போய் வருஷக்கணக்காகிறது. அதைக் காதில் வைத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் நடந்தபடி பேசினாள். “ஆஸ்டல்ல குளுருதா? போத்திகினு தூங்கு.” ஒரு நாள் கச்சிராயபாளையம் துணிக்கடையில் பச்சைத் தாவணி எடுத்து வந்தாள். சுவரிலிருந்த படத்தைக் கழற்றிப் பீரோவுக்குப் பின்னால் வைத்தாள். “உசுரோட இருக்கறவ படத்த எதுக்கு சொவுத்துல மாட்டறது?”

ராஜாங்கம் அவளோடு வாதம் செய்யவில்லை. செய்திருக்க வேண்டும் என்று இரவு தோன்றும். காலையில் அவள் சிரித்த முகத்தோடு சாணம் தெளிப்பதைப் பார்த்தால், வாளியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் மொண்டு கொடுப்பார்.

பிறகு அவள் அந்த மலைப் பெண்களைக் காணும் பொங்கலுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுவிட்டாள். செல்வியைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று அவர்கள் பல மாதங்களாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். பொங்கலுக்கு வருவாள், வந்து பாருங்கள் என்று சொல்லியிருந்தாள்.

பொங்கல் அன்று அமிர்தம் விடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்குப் போனாள். கள்ளக்குறிச்சியிலிருந்து வரும் ஒவ்வொரு பஸ்ஸிலும் படியேறி உள்ளே எட்டிப் பார்த்தாள். மாட்டுப் பொங்கலன்றும் போனாள். ராஜாங்கம் கூடவே போய், எதிர்ப்புறத்து மரத்தடியில் நின்றார். கொம்புக்குப் பெயின்ட் அடித்த மாடுகள் சலங்கை கட்டிக்கொண்டு போயின. ஒரு கண்டக்டர், “இன்னாம்மா, ஏறுறியா எறங்குறியா?” என்று கத்தினார். பஸ்ஸுக்குள் நாலைந்து பேர் சிரித்தார்கள். மத்தியானப் பஸ்ஸும் போன பிறகு அவள் சாலையைக் கடந்து அவரிடம் வந்தாள்.

“நீங்க போயி கூட்டியாங்க.”

“எங்க போயி?”

“காலேஜுக்கு. வர மாட்டேங்கறா. நீங்க இன்னா சொன்னீங்க அவள? ஏதாவது திட்டிட்டீங்களா?” அவரது சட்டையைப் பிடித்தாள். முகம் மாசி மாதத்து முகமாக ஆகிவிட்டிருந்தது. “நாளைக்கு அவுங்க வந்துடுவாங்க. எங்கடி உம் பொண்ணுன்னு கேப்பாங்க. அவ இல்லன்னா நான் மட்டும் எதுக்குங்க இருக்கணும்?”

அன்று இரவு அவர் தூங்கவில்லை. அவள் கையைத் தன் வேட்டி முனையோடு சேர்த்து முடிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். விடிந்ததும் இலக்கியாவுக்குப் போன் செய்தார்.

“பண்டிகை நாள்தான், தெரியும்மா. நீ வந்து அவகூட உக்காந்துக்கணும். நான் மலைக்குப் போறேன்.”

“சொல்லப் போறீங்களா ஐயா?”

“சொல்லலன்னா அவுங்க தேனும் கையுமா சிரிச்சிகினு வந்து நிப்பாங்க. அந்த எடத்துலயே அவ உசுரு போயிடும்.”

“சொன்னா?”

அவர் போனை வைத்துவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

இலக்கியா வந்து சேர்ந்ததும் கிடைத்த முதல் பஸ்ஸில் மலையேறினார். கூடத்துக்கு முன்னால் பெண்கள் தலை சீவிப் பூ வைத்து, கிளம்பத் தயாராக நின்றிருந்தார்கள். ஒருத்தி கையில் தேன் பாட்டில், ஒருத்தி கையில் ஒரு படி சாமை. செவ்வந்தி அவரைப் பார்த்ததும் உரக்கக் கூப்பிட்டாள். “அண்ணாவே கூட்டிகினு போவ வந்துட்டாரு! வாங்க, ஒரு வாய் தண்ணி குடிங்க.”

ராஜாங்கம் செருப்பைக் கழற்றினார். கூடத்துப் படியில் ஏறவில்லை. அவருடைய ஊரில் எழவு சொல்ல வருகிறவன் அப்படித்தான் நிற்பான். வீட்டுக்குள் வரமாட்டான், தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டான், உட்காரமாட்டான். வாசலில் நின்று, துண்டை இடுப்பில் கட்டி, யார் என்ன என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிடுவான். அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார். மலையிலும் அந்த முறை உண்டோ என்னவோ, அதைப் பார்த்ததுமே பெண்களின் பேச்சு நின்றுவிட்டது.

“எம் பொண்ணு செந்தமிழ்ச்செல்வி தவறிட்டா,” என்றார்.

அந்த வார்த்தையை அவர் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல ஆளே இருந்ததில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் அவரிடம் சொன்னார்கள், அவ்வளவுதான்.

“ஐயோ,” என்றாள் செவ்வந்தி. “நேத்தா? ராத்திரியா?”

“இல்லம்மா. கொரோனாவுல. சேதி சொல்ல முடியல.”

தேன் பாட்டில் வைத்திருந்தவள் கணக்குப் போடுவதுபோல உதட்டை அசைத்தாள். செவ்வந்தியின் முகம் சிவந்தது. ஏமாந்தவளின் கோபம்தான் முதலில் வந்தது.

“அப்ப பரிச்ச, தாவணி, ஆஸ்டலு எல்லாம்? எங்கள உக்கார வெச்சி கத சொன்னாளா?”

“ஆமாம்மா.”

“நீங்களும் நல்லா எழுதியிருக்கான்னு சொன்னீங்களே!”

“சொன்னேன்.” அவர் கையைக் கூப்பினார். “எங்க ஊர்ல யாரும் வர்ல. எங்களுக்காக அழுவ ஒரு ஆளு கெடையாது. வாங்கன்னு எழவுக்குக் கூப்புடக் கூடாது, அது எனக்குத் தெரியும். சேதி சொல்லத்தான் வந்தேன். சொல்லிட்டேன்.”

திரும்பி நடந்து பஸ் நிற்கும் இடத்துக்கு வந்துவிட்டார். பின்னால் எந்தச் சத்தமும் இல்லை. வரமாட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார். பஸ் வந்து, அவர் ஏறி, கண்டக்டர் விசில் ஊதப் போன நேரத்தில் செவ்வந்தி ஓடி வந்தாள். மற்றவர்களும் வந்தார்கள். கையில் ஒன்றும் இல்லை. கூந்தலிலிருந்த பூவை எடுத்துவிட்டிருந்தார்கள். பஸ்ஸில் இடம் இருந்தும் ராஜாங்கம் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வந்தார்.

தெருவில் ஒலிபெருக்கியில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பிள்ளைகள் கோணிப்பைக்குள் காலை விட்டுக் குதித்துக்கொண்டிருந்தார்கள். தெருமுனையில் செவ்வந்தி முடிச்சை அவிழ்த்துத் தலையை விரித்தாள். நெஞ்சில் ஓங்கி ஒரு அடி அடித்துக்கொண்டு குரல் எடுத்தாள். மலையில் ஒரு பாறையிலிருந்து இன்னொரு பாறைக்குக் கூப்பிட்டுப் பழகிய குரல் அது. ஒலிபெருக்கியை யாரோ நிறுத்தினார்கள். கோணிப்பைப் பிள்ளைகள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். வாசல்களில் ஆட்கள் வந்து, யார் வீடு, யார் வீடு என்று ஒருவரை ஒருவர் கேட்டார்கள்.

அமிர்தம் வாசலுக்கு வந்தாள். புதுப்புடவை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் இலக்கியா அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“ஏன் அழுவுறீங்க?” என்று அமிர்தம் கேட்டாள். “யாருக்கு இன்னா ஆச்சு? உள்ள வாங்க. செல்வி குளிச்சிகினு கீறா.”

செவ்வந்தியின் குரல் ஒரு கணம் அறுந்தது. பிறகு படியேறிப் போய் அமிர்தத்தைக் கட்டிக்கொண்டாள்.

“பாக்காத கண்ணே, பச்ச தாவணி கேட்டியாமே... பரிச்ச எழுதப் போனியாமே, எந்தப் பள்ளிக்கூடம் போனியோ...”

“விடு,” என்றாள் அமிர்தம். “விடுடி என்னைய. புள்ள காதுல வுழப்போவுது.” செவ்வந்தியின் முதுகில் குத்தினாள். தோளைக் கடித்தாள். செவ்வந்தி பிடியை விடவில்லை. மற்ற பெண்கள் சுற்றி வந்து தோளோடு தோள் சேர்த்தார்கள். இலக்கியாவும் அவர்கள் நடுவில் இழுபட்டாள். அவளுக்கு அந்த முறை தெரியாது. தன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், பக்கத்தில் இருந்தவளின் கழுத்தைப் பிடித்துக்கொண்டு தேம்பினாள்.

ராஜாங்கம் வாசலில் நின்றார். தோள்களுக்கு நடுவே அமிர்தத்தின் முகம் தெரிந்தது. அவள் திமிறுவதை நிறுத்திவிட்டு அவரைத் தேடிக் கண்டுபிடித்தாள்.

“எப்பங்க?”

அவர் வாயைத் திறந்தார். மலையில் வந்த வார்த்தை இங்கே வரவில்லை.

“எப்பங்க போனா? எனக்கு ஏன் யாரும் சொல்லல?”

“வைகாசியில அமிர்தம்,” என்றார். “விடியக்காலைல. நம்ம செல்விதான். போயிட்டாம்மா.”

அவள் அதைக் கேட்டாள். கேட்டாளா என்றுகூட அவருக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. அதே நேரம் யாரோ அவரை இடித்துக்கொண்டு கடந்து போனார்கள். கலையரசி. வீட்டில் எதைப் பிசைந்துகொண்டிருந்தாளோ, முழங்கைவரை மாவு. “அக்கா,” என்று கத்தியபடி படியேறி, அந்த வட்டத்துக்குள் தலையை நுழைத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. எதிர்வீட்டுக் கதவு திறந்தது. வட்டம் பெருத்து, இறுகி, மூடிக்கொண்டது. அமிர்தத்தின் முகம் அதற்குள் போய்விட்டது.

அவள் தலை ஒரு தோளில் சாய்ந்ததுபோல் இருந்தது. அழுகிறாளா, மயங்கிவிட்டாளா, மூச்சு இருக்கிறதா, அவருக்குத் தெரியவில்லை. அந்த வட்டத்துக்குள் ஆண்பிள்ளை கை வைக்கக் கூடாது. அவர் படியில் ஒரு காலை வைத்தார், எடுத்தார். தெரு முழுக்க ஓலம். அதில் அவள் குரல் இருக்கிறதா என்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, ஒவ்வொரு குரலாகக் கேட்டுக்கொண்டு நின்றார்.